மருந்து தந்த மேதை: டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

முன்னுரை

உலகில் பிறந்து மறைந்தோர் எண்ணிலர். அவர்களுள் பிறர் நோய் தீர்ப்பதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்டோர் மிகச் சிலர். அந்தச் சிலருள் ஒருவர் நம் சென்னையில் படித்தவர். திருவல்லிக்கேணித் தெருக்களில் நடந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியின் மாணவர். அவர் பெயர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவுற்ற தாய்மார்களுக்குத் தரப்படும் மாத்திரையில் இரும்புச் சத்துடன் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. யானைக்கால் நோய் ஒழிப்பு முகாம்களில் வீடு வீடாக வந்து டி.இ.சி. மாத்திரை கொடுத்தார்கள். புற்றுநோய் மருத்துவமனைகளில் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து வழங்கப்படுகிறது. இந்த மூன்றின் வரலாற்றிலும் சுப்பாராவின் கை இருக்கிறது. ஆனால் அவற்றை உட்கொள்வோரில் நூற்றில் ஒருவரேனும் அவர் பெயரை அறிவாரோ என்பது ஐயமே.

இவற்றைத் தவிர நான்காவதாக ஒரு மருந்தும் உண்டு. அது மனிதனுக்காகத் தேடப்பட்டுக் கோழியின் தீவனத்தில் போய்ச் சேர்ந்த மருந்து. அந்த மருந்தின் கதையையும், அதைத் தேடிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய மனிதரின் கதையையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்த அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. பிள்ளைகள் எழுவருள் சுப்பாராவ் நான்காமவர். தந்தையார் வருவாய்த் துறையில் சிறு பதவி வகித்தவர். உடல்நலம் குன்றியதால் பணியை விட்டார். அதன்பின் குடும்பத்தை வறுமை சூழ்ந்தது.

பதின்மூன்றாம் வயதில் சுப்பாராவ் வீட்டைவிட்டு ஓடினார். காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்க்கலாம் என்பது அவர் திட்டம். தாய் விடவில்லை, பாதி வழியிலேயே ஆள் அனுப்பிப் பிடித்து வரச் செய்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். பிள்ளை படித்தே தீரவேண்டும் என்பதில் அத்தாய் காட்டிய உறுதிதான் பின்னால் உலகுக்குப் பல மருந்துகளைத் தந்தது என்றால் அது மிகையாகாது.

படிப்பும் எளிதில் வந்துவிடவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வி. சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறையில்தான் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பை முடித்தார். ஒரு தாளில் தவறினாலே வாழ்வே முடிந்ததென்று எண்ணி மூலையில் அமர்ந்துவிடும் நம் மாணவ நண்பர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். நமக்கு முன்னே நடந்து வழிகாட்டியவர் வீட்டில் எவருமில்லை. ஆனால் இப்படிப்பட்டவர்கள் நாட்டில் இருந்திருக்கிறார்கள்.

மருத்துவக் கல்லூரியில்

துறவு பூண்டு இராமகிருஷ்ண மடத்தில் தொண்டாற்ற வேண்டும் என்பதே சுப்பாராவின் முதல் விருப்பம். தாய் இசையவில்லை. மக்கள் தொண்டுக்கு மருத்துவமும் ஒரு வழி என்று தேர்ந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் பொருளுதவி செய்தனர். அவர் மகள் சேஷகிரியை 1919-இல் மணந்துகொண்டார்.

அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் ஒலித்த காலம். சுப்பாராவ் அந்நியத் துணியை விலக்கிக் கதராடை உடுத்துக் கல்லூரிக்கு வந்தார். அறுவை மருத்துவப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு இது பிடிக்கவில்லை. இறுதியில் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை மாகாண மருத்துவப் பணியில் சேர முயன்றும் இடம் கிடைக்கவில்லை. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லக்ஷ்மிபதி நடத்திய கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியராகச் சேர்ந்தார்.

இக்காலத்தில் அவர் குடும்பத்தில் இடி விழுந்தது. சில நாட்கள் இடைவெளியில் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து இறந்தனர். இருவரையும் கொண்டுபோனது ஸ்ப்ரூ என்ற வயிற்றுநோய். இந்நோயில் ஓயாத கழிச்சல் காணும். உண்ட உணவு உடலில் ஒட்டாது. இரத்தம் சோகை பிடித்து வெளிறும். மனிதன் எலும்புக்கூடாக இளைத்து மாள்வான். மருத்துவம் கற்றவர் வீட்டில் இருந்தும் இரு உயிர்களைக் காக்க இயலவில்லை. கொடுப்பதற்கு அன்று உலகில் எங்குமே மருந்தில்லை என்பதே காரணம்.

இது நம் நாட்டுக்குப் புதிய நோயன்று. 1960-களின் தொடக்கத்தில்கூட வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் இது கொள்ளைநோய்போலப் பரவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அங்கே சென்று ஆராய்ந்தனர். மருந்தில்லாத நிலை என்பது என்ன என்று சுப்பாராவ் நூலில் படித்து அறியவில்லை. தம் வீட்டுத் திண்ணையிலேயே கண்டறிந்தார். அவர் வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும்.

கடல் கடந்து

மாமனாரின் உதவியும் காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் உதவியும் கொண்டு சுப்பாராவ் அமெரிக்கா புறப்பட்டார். 1923 அக்டோபர் 26-ஆம் நாள் பாஸ்டன் நகரில் வந்திறங்கியபோது அவர் கையில் பணம் இல்லை என்றே சொல்லலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்து பட்டயம் பெற்றார். பகலில் படிப்பு, இரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலச்சட்டிகளை எடுத்துச் சுத்தம் செய்யும் வேலை. மருத்துவம் படித்த ஒருவர் இந்த வேலையைச் செய்ததைக் குறைவாக அவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

மூன்றாண்டுகளில் திரும்புவதாக மனைவியிடம் சொல்லிச் சென்றவர் திரும்பவேயில்லை. அவர் கடல் கடந்தபின் பிறந்த ஆண்மகவு ஓராண்டு நிறையுமுன் இறந்தது. தந்தை அதன் முகத்தைக் கண்டதில்லை. சேஷகிரி அம்மையார் கணவரை மீண்டும் காணாமலே வாழ்ந்தார். மேதைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதனை இரண்டு வரியில் கடந்துவிடுவது வழக்கம். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் முழு வாழ்வு இருக்கிறது என்பதையும் நாம் நினைக்க வேண்டும்.

ஹார்வர்டில் பேராசிரியர் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து உயிர்வேதியியல் ஆய்வில் இறங்கினார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவைக் காண ஒரு முறையை 1925-இல் இருவரும் வெளியிட்டனர். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று பாடநூல்கள் குறிப்பிடுவது இதைத்தான். நம் உயிர்வேதியியல் வகுப்பில் நீல நிறக் கரைசலைப் பார்த்து அளவெடுக்கும்போது அந்தப் பெயரில் பாதி ஓர் இந்தியருடையது என்பதைப் பெருமையுடன் எண்ணலாம்.

அதன்பின் 1927-இல் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளையும், 1929-இல் ஏ.டி.பி. என்ற பொருளையும் அவர்கள் பிரித்தறிந்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் அதே ஆண்டில் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார். எறும்பு ஊர்வதும் யானை நடப்பதும் நாம் இமைப்பதும் எல்லாம் இந்த ஏ.டி.பி. தரும் ஆற்றலால்தான். 1930-இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் நிலையான பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே மருந்து ஆய்வகத்துக்குச் சென்றார். இரண்டே ஆண்டில் அங்கே ஆராய்ச்சி இயக்குநரானார்.

எட்டாண்டு அறுவடை

லெடர்லேயில் சுப்பாராவ் இருந்தது எட்டே ஆண்டுகள். அந்த எட்டாண்டில் விளைந்தவை ஒரு தலைமுறைக்குப் போதுமானவை.

முதலாவது ஃபோலிக் அமிலம். இரத்தசோகையைத் தீர்க்கும் ஒரு பொருள் ஈரலிலும் ஈஸ்டிலும் இருப்பதைப் பம்பாயில் கருவுற்ற ஆலைத்தொழிலாளப் பெண்களிடையே ஆய்வு செய்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் முன்பே காட்டியிருந்தார். ஆனால் அது இன்ன பொருள் என்று எவரும் அறியவில்லை. சுப்பாராவின் கூட்டத்தார் 1945-இல் அதனைச் செயற்கையாக உருவாக்கினர். அதன் அமைப்பைச் சிறிது மாற்றி அவர்கள் செய்த அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொண்டே பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு முதன்முறையாகத் தற்காலிக நலம் தந்தார். மெத்தோட்ரெக்சேட் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. 1947-இல் யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. வெளிவந்தது.

அடுத்தது ஆரியோமைசின். பெனிசிலின் பல கிருமிகளைக் கொன்றாலும் எல்லாவற்றையும் கொல்வதில்லை. எனவே மண்ணிலுள்ள நுண்ணுயிர்களில் புதிய மருந்துகளைத் தேடும் பணி உலகெங்கும் நடந்தது. லெடர்லேயில் இதைச் செய்தவர் எழுபது வயதைக் கடந்த பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலறிஞர். ஒரு பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றவரை லெடர்லே அழைத்துப் பணியில் அமர்த்தியிருந்தது. நாடெங்கிலுமிருந்து மண் வரவழைக்கப்பட்டது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் பழைய ஆய்வு வயல் ஒன்றிலிருந்து 1945-இல் வந்த மண்ணில் பொன்னிறமான நுண்ணுயிர் ஒன்று வளர்ந்தது. அதிலிருந்து கிடைத்த மருந்துக்குப் பொன் என்ற பொருள்படும் ஆரியோமைசின் என்ற பெயர் வந்தது. அதன் வேதிப்பெயர் குளோர்டெட்ராசைக்ளின். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை இதுவே. ஊசியின்றி வாயால் உட்கொள்ளலாம். பெனிசிலினுக்கு அடங்காத பல கிருமிகளும் இதற்கு அடங்கின. 1948 ஜூலையில் மருத்துவ உலகுக்கு இது அறிவிக்கப்பட்டது.

இங்கே ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். சுப்பாராவின் சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு மருத்துவர்கள் இன்று தரும் மருந்துகள் இரண்டு. ஒன்று ஃபோலிக் அமிலம்; மற்றொன்று டெட்ராசைக்ளின். முதலாவது அவர் கூட்டத்தார் உருவாக்கியது. இரண்டாவது அவர் ஆய்வகத்து ஆரியோமைசினின் உடன்பிறப்பு. தம் வீட்டு மரணங்களுக்கு அவர் கால்நூற்றாண்டு கழித்து விடை தந்துவிட்டார்.

ஆனால் அந்த விடையின் பயனைக் காண அவர் இருக்கவில்லை. ஆரியோமைசின் அறிவிக்கப்பட்ட சில வாரங்களில், 1948 ஆகஸ்டு மாதம், உறக்கத்திலேயே இதயம் நின்று காலமானார். அப்போது வயது 53. அமெரிக்கக் குடியுரிமை பெறாமல் இந்தியராகவே மறைந்தார். தம் பெயரை முன்னிறுத்தாத இயல்பினராதலால் நாடும் அவரை மறந்திருந்தது. நூற்றாண்டு விழாவையொட்டி 1995-இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

மருந்து தீவனமான கதை

பொதுவாக ஒரு மேதையின் வரலாறு அவர் மரணத்தோடு முடியும். சுப்பாராவின் வரலாறு அப்படி முடியவில்லை. அவர் மருந்து இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

லெடர்லேயில் தாமஸ் ஜூக்ஸ் என்ற ஊட்டச்சத்து அறிஞர் கோழிக்குஞ்சுகளை வைத்து ஆய்வு செய்துவந்தார். அக்காலத்தில் கோழிக்கு மீன்தூள்போன்ற விலையுயர்ந்த புலால் உணவைக் கொடுத்தால்தான் நன்கு வளரும். அதற்கு மாற்றாக மலிவான பொருள் கிடைக்குமா என்பதே அவர் தேடல். 1948 டிசம்பரில், சுப்பாராவ் மறைந்து நான்கு மாதங்களுக்குப்பின், குஞ்சுகளைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்து வெவ்வேறு உணவு கொடுத்தார். ஒரு கூட்டத்துக்கு ஆரியோமைசின் தயாரித்தபின் தொட்டியில் எஞ்சிய கழிவுச் சக்கையை உலர்த்திக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் நாளன்று எடைபோட்டபோது அந்தக் கூட்டமே மற்றவற்றைவிட அதிகம் வளர்ந்திருந்தது. சக்கையிலிருந்த வைட்டமின் பி12 ஒரு காரணம். அதில் ஒட்டியிருந்த சிறிதளவு ஆரியோமைசின் மற்றொரு காரணம் என்பது பின்னர் தெரியவந்தது.

இச்செய்தி 1950-இல் பரவியது. குப்பையில் கொட்டவேண்டிய சக்கை பொன்விலை பெற்றது. 1951-இல் அமெரிக்க அரசு கால்நடைத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்க அனுமதித்தது. மருத்துவர் சீட்டுகூடத் தேவையில்லை. உயிர்போகும் நோயாளிக்கு அளந்து கொடுக்க வேண்டிய மருந்து, நோயில்லாத கோழிக்குத் தவிட்டோடு தவிடாகக் கொடுக்கப்பட்டது. அங்கிருந்து இப்பழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது.

இதில் தீங்கென்ன என்று கேட்கலாம். கோழியின் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. சிறிதளவு மருந்து நாள்தோறும் போய்க்கொண்டிருந்தால் வலுவற்றவை மடியும். மருந்தைத் தாங்கவல்ல ஒன்றிரண்டு தப்பிப் பெருகும். அவை தம் எதிர்ப்பாற்றலைத் தம் சந்ததிக்கு மட்டுமின்றிப் பக்கத்திலுள்ள வேறு இனப் பாக்டீரியாக்களுக்கும் பிளாஸ்மிட் என்ற மரபுப்பொருள் வளையத்தின் வழியே கொடுத்துவிடும். வீட்டுத் திருடன் ஒருவன் கள்ளச்சாவி செய்து, தெருவிலுள்ள திருடர்க்கெல்லாம் அதன் நகலைப் பங்கிட்டுக் கொடுப்பதைப் போன்றது இது.

இது வெறும் ஊகமன்று. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஸ்டூவர்ட் லெவி 1970-களின் நடுவில் இதைச் சோதித்துப் பார்த்தார். இடம், சுப்பாராவ் வந்திறங்கிய அதே பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணை. 300 கோழிகளில் பாதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனமும் மறுபாதிக்கு வெறும் தீவனமும் தரப்பட்டன. இரண்டு வாரங்களுக்குள் மருந்துண்ட கோழிகளின் குடலில் மருந்துக்கு அடங்காத ஈ.கோலை பாக்டீரியாக்கள் நிறைந்தன. ஐந்தாறு மாதங்களில் அவ்வகைப் பாக்டீரியாக்கள் பண்ணை வீட்டாரின் குடலிலும் மிகுதியாகக் காணப்பட்டன. அண்டை வீட்டாரிடம் இவ்வளவு இல்லை. மருந்தை உண்டது கோழி. எதிர்ப்பாற்றல் வந்து சேர்ந்தது மனிதனுக்கு. இம்முடிவு 1976-இல் வெளியாயிற்று.

நம் தட்டில் வருவது

நாமக்கல் முட்டைக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் பெயர்பெற்றவை. ஒரு காலத்தில் விருந்தாளி வந்தால் மட்டும் அடிக்கப்பட்ட கோழி, இன்று எங்கள் மண்ணூர்பேட்டையிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களிலும் தொழிலாளர் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமை உணவாகிவிட்டது. குறைந்த விலையில் புரதம் கிடைக்கிறது என்பது ஏழைக்குப் பெரும் நன்மை. ஆகவே கோழியை வேண்டாம் என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று.

பிராய்லர் கோழி ஊசி போட்டே வளர்க்கப்படுகிறது என்றொரு பேச்சு ஊரில் உண்டு. ஹார்மோன் ஊசி போட்டு வளர்ப்பதாகச் சொல்வது உண்மையன்று. ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் தனித்தனியே ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வரை வளர்வது பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனத்தின் இயல்பாலும் அளந்தளித்த தீவனத்தாலுமே. நாம் அஞ்ச வேண்டியது வேறு இரண்டு. ஒன்று கோழியோடு வரும் பாக்டீரியா; மற்றொன்று கண்ட கண்ட வேளையில் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக்.

பாக்டீரியாக்களுள் முதன்மையானவை சால்மொனெல்லாவும் கேம்பைலோபாக்டரும். டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயரால் வந்ததே சால்மொனெல்லா. இவை கோழியின் குடலில் எந்த நோய்க்குறியும் காட்டாமல் இருக்கலாம். அறுத்துக் குடலெடுக்கும்போது கறியில் படிகின்றன. அரைவேக்காட்டுக் கறியை உண்டவனுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும். பெரும்பாலோருக்குச் சில நாளில் தானே தீரும். குழந்தை, முதியவர், நோயால் தளர்ந்தவர் ஆகியோர்க்கு மட்டும் சில வேளை கிருமி இரத்தத்தில் கலந்துவிடும். அப்போதுதான் ஆன்டிபயாடிக் தேவைப்படுகிறது. அந்தக் கிருமி பண்ணையிலேயே அம்மருந்தைச் சந்தித்துப் பழகியதாக இருந்தால் மருத்துவர் என் செய்வார்? சுப்பாராவ் தம் சகோதரர் படுக்கையருகே நின்ற அதே நிலையில்தான் அவரும் நிற்பார்.

புதுதில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் தில்லி வட்டாரக் கடைகளிலிருந்து 70 கோழிகளை வாங்கி ஆறு ஆன்டிபயாடிக்குகள் இருக்கின்றனவா என்று சோதித்தது. நூற்றுக்கு 40 கோழிகளில் மருந்தின் எச்சம் இருந்தது. தேடப்பட்ட ஆறில் ஒன்று குளோர்டெட்ராசைக்ளின், அதாவது நம் ஆரியோமைசின். சமைத்தால் கிருமி சாகும். மருந்தின் எச்சம் முழுதும் போய்விடும் என்று சொல்ல முடியாது.

விழித்த உலகம்

இங்கிலாந்தில் அமைக்கப்பட்ட ஸ்வான் குழு 1969-லேயே மனிதருக்கு உதவும் ஆன்டிபயாடிக்குகளைக் கால்நடை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கலாகாது என்று பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வளர்ச்சிக்காக எந்த ஆன்டிபயாடிக்கையும் கலப்பதைத் தடை செய்தது. அமெரிக்கா 2017-இல், மனித மருத்துவத்துக்கு இன்றியமையாத மருந்துகளை வளர்ச்சிக்காகக் கொடுப்பதை நிறுத்தியது. சுப்பாராவ் படித்த நம் சென்னையில் 2012-இல் இந்திய மருத்துவர் சங்கங்கள் பல கூடி, ஆன்டிபயாடிக்குகளைக் கண்டபடி பயன்படுத்துவதைத் தடுக்க ஒரு திட்டம் வகுத்தன. சென்னைப் பிரகடனம் என்று அது அறியப்படுகிறது. 2019 ஜூலையில் இந்திய அரசு கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிக்கும் பிற உணவு விலங்குகளுக்கும் கொடுப்பதைத் தடை செய்தது. வேறெந்த மருந்துக்கும் அடங்காத கிருமி தாக்கியவர்க்கு மருத்துவர் கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்து கோலிஸ்டின். அதையும் கோழித் தீவனத்தில் கலந்திருந்தோம் என்பதை எண்ணும்போது நெஞ்சு திடுக்கிடுகிறது.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். இதற்குப் பண்ணை மட்டும் காரணமன்று. சளிக் காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் தானே கேட்டு இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கும் நாமும் காரணம். சளியை உண்டாக்குவது வைரஸ். ஆன்டிபயாடிக் அதைத் தொடுவதில்லை. கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோயும் வைரசால் வருவதே. அதற்குத் தடுப்பூசிதான் காப்பு.

நாம் செய்யத்தக்கவை

பண்ணையாளரைப் பழிப்பதால் பயனில்லை. கடன் வாங்கிக் கொட்டகை போட்டவர், ஒரு நோய் வந்தால் ஒரே வாரத்தில் எல்லாம் இழப்பவர் அவர். மருந்தின் இடத்தைத் தூய்மை பிடிக்க வேண்டும். ஆழ்கூளம் ஈரமின்றி இருத்தல், குடிநீரில் குளோரின் கலத்தல், கொட்டகை வாசலில் கால் கழுவும் கிருமிநாசினித் தொட்டி வைத்தல், ஒரு கூட்டம் முழுவதும் விற்றபின் சுத்தம் செய்து அடுத்த கூட்டத்தை விடுதல், உரிய காலத்தில் தடுப்பூசி போடுதல் ஆகியவை நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் கற்பிக்கும் முறைகளே. நோய் வந்தபின் மருத்துவர் சொன்னால் மருந்து கொடுப்பதில் தவறில்லை. ஆனால் மருந்தை நிறுத்திக் குறித்த நாட்கள் கழிந்தபின்னரே கோழியை விற்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்யத்தக்கவையும் எளியவை. கறியை வாங்கி வந்து குழாயடியில் தண்ணீர் தெறிக்கக் கழுவினால் கிருமி போவதில்லை. பக்கத்திலுள்ள பாத்திரத்துக்கும் காய்கறிக்கும் பரவுகிறது. கறி நறுக்கிய கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் அவற்றில் வெங்காயம் தக்காளி நறுக்கலாகாது. எலும்பருகே சிவப்பு தெரியாதபடி, உட்புறமும் 75 டிகிரி வெப்பம் பெறும்வரை வேகவிட வேண்டும். நம் பாட்டிமார் குழம்பைக் கொதிக்கக் கொதிக்க வைத்தது இவ்வகையில் நன்மையே. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதிருத்தலும் நன்று.

முடிவுரை

வள்ளுவப் பெருந்தகை மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்து, அதில் அளவறிதலையே பெரிதும் வற்புறுத்தினார். அளவறியாத ஆசையால் ஓர் அரிய மருந்தை நாம் தவிடாக்கிவிட்டோம். புதிய ஆன்டிபயாடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. எழுபது வயது முதியவர் ஒருவர் நாடெங்கும் மண்ணைத் தேடியும், மனைவி மக்களைப் பிரிந்த ஒருவர் இரவு பகலாக வழிநடத்தியும் கிடைத்தது ஒன்று. அதைச் செலவழிக்க நமக்கு உரிமை உண்டு, வீணடிக்க உரிமையில்லை.

மாணவ நண்பர்களே! சுப்பாராவ் மருந்தில்லாத உலகில் பிறந்தார். மருந்துள்ள உலகத்தை நமக்கு விட்டுச் சென்றார். நம் பின்னால் வருவோர்க்கு அந்த உலகத்தைக் குறையாமல் ஒப்படைப்பதே அவருக்கு நாம் செய்யும் கைம்மாறு. இன்று நம் ஆய்வகத்தில் அவர் பெயரால் வழங்கும் சோதனையைச் செய்கிறவர்களுள் ஒருவர் நாளை மருந்துக்கு அடங்காத கிருமியை அடக்கும் வழி காணலாம். அவர் எத்தனை முறை தேர்வில் தவறியவராயினும் பாதகமில்லை.

வாழ்க சுப்பாராவ் புகழ்! வளர்க அவர் தொண்டு!